துணிக்குள் வைக்கும் பீசோ படலம்: எல்டிடி0-028கே எதற்கு உதவும், எதற்கு உதவாது

உடம்பின் அசைவிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஆடை சென்சார் செய்ய நினைப்பவர்கள் பலரும் முதலில் வாங்குவது டிஇ கனெக்டிவிட்டி நிறுவனத்தின் எல்டிடி0-028கே என்ற இந்தச் சிறு பீசோ படலத்தைத்தான். பீசோ என்றால் வளைத்தாலோ அழுத்தினாலோ மின்னழுத்தம் தரும் தன்மை. 28 மைக்ரான் தடிமனில் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக், இரு பக்கமும் வெள்ளி மை, அடியில் 0.125 மி.மீ. பாலியெஸ்டர் தாள், கம்பி இணைக்க இரண்டு உலோகக் கால்கள். வளைத்தால் தானாகவே மின்னழுத்தம் தருகிறது. அந்த அளவில் அருமையான பொருள்.

ஆனால் கருவி முழுவதையும் இது ஓட்டிவிடும் என்று நம்பாதீர்கள். ஒரு வளைவில் 10 வோல்ட் எழுந்தாலும், சுமார் 500 பிக்கோஃபாரட் கொள்ளளவில் சேர்வது வெறும் 25 நானோஜூல். புளூடூத்தில் சின்னத் தகவல் ஒன்றை அனுப்பவே சில பத்து மைக்ரோஜூல் வேண்டும். துளியும் வீணாகாவிட்டால்கூட ஆயிரம் காலடிக்கு ஒரு தகவல்தான். பட்டன் செல் ஒன்று கட்டாயம் தேவை.

பெரும்பாலானோர் சறுக்குவது ரெசிஸ்டரில். படலத்துக்கு இணையாக 10 மெகா ஓம் போட்டால் சுமார் 32 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அசைவுகள் தேய்ந்துவிடும். குதிகால் தரையில் மோதும் அதிர்வு தெளிவாகத் தெரியும். மூச்சு தெரியவே தெரியாது, ஏனென்றால் அது 0.2 முதல் 0.3 ஹெர்ட்ஸ்தான். சென்சார் பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இணையாகச் சேர்த்துப் பாருங்கள். 32 ஹெர்ட்ஸாக இருந்த அந்த எல்லை 0.16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சிக்னலும் இருநூறில் ஒரு பங்காகச் சுருங்குவதால் எம்சிபி6002 போன்ற, உள்ளீட்டு மின்னோட்டம் மிகக் குறைந்த ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கெப்பாசிட்டருக்குப் பதில் 1 கிகா ஓம் போடலாமே என்றால், சர்க்யூட் பலகையில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸும் (சால்டரிங் பசையின் மிச்சம்) வியர்வையும் அந்தத் தடையைத் தின்றுவிடும். உடையில் அது நிற்காது.

தைக்கும்போது ஊசி படலத்தில் படவே கூடாது. ஒரு துளை விழுந்தால் இரு வெள்ளிப் பூச்சுகளும் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகலாம். பருத்தித் துணியில் சிறு பை தைத்து, கால்கள் உள்ள முனையை மட்டும் நிலையாகப் பிடித்து, மறுமுனை வழுக்கி நகர இடம் விடுங்கள். இந்தப் படலம் வளையும், எலாஸ்டிக் போல நீளாது. இழுத்தால் கால்கள் பொருந்திய இடத்தில்தான் முதலில் விடும். அந்த இடத்தைச் சிலிகான் பூசி மூடுங்கள். வினிகர் வாடை வீசும் வகை உலோகத்தை அரிக்கும், அதை வாங்காதீர்கள்.

சால்டரிங் சூடு படலத்துக்குப் போகாமல் உலோகக் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, சட்டெனப் பற்றவைக்க வேண்டும். பிவிடிஎஃப் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பீசோ தன்மையை இழக்கத் தொடங்கும். இஸ்திரியும் அதனால்தான் கூடாது. துவைக்கும்போது உருவி எடுக்க வசதியாகப் பையின் வாயில் பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பிவிடிஎஃப் வெப்பமாற்றத்துக்கும் மின்னழுத்தம் தரும். உடுத்திய முதல் சில நிமிடம் மூச்சைக் காட்டும் வரைகோடு மேலும் கீழும் அலையும். அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.