ஈஞ்சம்பாக்கத்தில் ஓர் அரைநாள்: சோழமண்டலம் ஓவியர் கிராமம்

சென்னைவாசிகளுக்கு நகரம் சலித்துப்போனால் உடனே நினைவுக்கு வருவது புதுச்சேரியோ ஏலகிரியோதான். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலையும் போகவர ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால், ஓய்வுக்காகப் போனவர் அலுப்போடு திரும்புவதே பெரும்பாலும் மிச்சம். அத்தகையவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத்தான்.

சென்னைக் கலை மற்றும் கைவினைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் இதைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. அரசு வேலையையோ விளம்பர நிறுவனத்தையோ நம்பியிராமல், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தைச் சேர்த்து, அப்போது மணலும் சவுக்குமாகக் கிடந்த கடலோர நிலத்தை வாங்கி, அங்கேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். இந்தப் பின்னணியை அறிந்துகொண்டு உள்ளே நுழைபவருக்கு, மரநிழலில் நிற்கும் கற்சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் வெறும் தோட்ட அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமே இங்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது. பணிக்கர் முதல்வராக இருந்த பள்ளியைச் சுற்றி வளர்ந்த, சென்னைக் கலை இயக்கம் என்று அழைக்கப்படும் நவீன ஓவிய, சிற்பப் போக்கை இவ்வளவு நெருக்கமாகக் காண நகரில் வேறு நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு சோதிடர் எழுதிவைத்த பழைய சாதகக் கட்டம் போலிருக்கும்; அருகே போனால் எழுத்துகள் வாசிக்க முடியாத கோடுகளாகக் கலைந்து, கட்டங்களுக்கு நடுவே பறவையும் மீனுமாக உருமாறும். பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு, எழுத்தின் வளைவையே ஓவியமாகப் பார்க்கக் கண் பழகுவதற்குச் சற்று நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்கலாம். 1973இல் இளம் வயதிலேயே மறைந்த கே. ராமானுஜத்தின் மைக்கோட்டு ஓவியங்களையும் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். மாளிகைகளும் பாம்புகளும் விநோத உயிர்களும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும் அந்தக் கனவுலகில், தொப்பி அணிந்த மனிதராக ஓவியரே ஆங்காங்கே தென்படுவார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்த சிற்பங்கள், கோயில் உற்சவ மூர்த்திகளைப் போல முன்புறமிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை. சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு, அந்தக் கோடுகள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தன என்பதும் இங்கே விளங்கும்.

சிறு குழந்தைகளுக்குத் தோட்டம் பிடிக்கும், ஓவியக் கூடம் பிடிக்காது. எனவே பெரியவர்கள் இருவராகப் போய் முறைவைத்துப் பார்ப்பது நல்லது. படம் எடுத்து உடனே பகிர்வதற்காக மட்டும் வருபவருக்கு அரை மணி நேரமே அதிகமாகத் தோன்றலாம். சித்திரை, வைகாசி நண்பகலில் வெளியில் உள்ள சிற்பங்களைப் பொறுமையாகப் பார்க்க இயலாது. மார்கழி, தை மாதக் காலைகளே உகந்தவை. வாடகைக் கார் செயலியை நம்பிப் போனால், ஞாயிறு மாலை திரும்பும் நேரத்தில் ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக ரத்து செய்துவிடுகிறார்கள். மாமல்லபுரம் தடத்துப் பேருந்து எவ்வளவோ மேல்.

அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பியிருக்கும் அந்த வளாகமும் அருமையானதுதான். ஆயினும் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் சோழமண்டலத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையும் கேரள வீட்டு மரவேலையையும் சுற்றிக் கால் ஓய்ந்த பிறகு, பணிக்கரின் ஓவியத்தின் முன் நிற்கப் பொறுமை இருக்காது. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் கொள்க.