ஸ்ட்ரூசனின் அடுக்கு முறையா, பாஸின் சுருக்க முறையா?

திரைப்படச் சுவரொட்டி ஓவியர்களிடமிருந்து தொழில் கற்க விரும்புபவருக்கு, ட்ரூ ஸ்ட்ரூசனின் வழியும் சால் பாஸின் வழியும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. ஸ்ட்ரூசன், ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் பென்சிலால் முகங்களை முழுமையாக வரைந்து, அதன்மேல் ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தெளிப்பானால் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய படலமாகத் தெளித்து, பிறகு வண்ணப் பென்சிலால் தலைமுடியின் இழைகளையும் கண்ணின் ஒளிப்புள்ளியையும் தீட்டிவந்தார். அடியிலுள்ள பென்சில் கோடு பிசகினால் மேற்பூச்சு அதை மறைக்காது என்பதால், இம்முறை வரைதிறனை ஈவிரக்கமின்றிச் சோதிக்கும். பாஸோ, 1959-இல் வெளிவந்த 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்துக்கு, துண்டுதுண்டாக வெட்டிய காகிதம் போன்ற ஓர் உடலோடு நிறுத்திக்கொண்டார். பார்க்க எளிது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். கை இன்னும் பழகாதவர் ஸ்ட்ரூசனிடம் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கருவே பிடிபடாமல் திணறுபவர், பென்சிலை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துப் பார்க்கலாம்.