நாகர்கோவில் மாலில் ஒரு பெஞ்சு

வீட்டு பிளான் வரைவது என் தொழில். தக்கலையில் சின்ன ஆபீஸ். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சாமானைப் பார்ப்பதற்கு முன் படிக்கட்டையும் வெளிச்சத்தையும்தான் பார்ப்பேன். நாகர்கோவிலுக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் மாலுக்கு அம்மாவோடு இரண்டு முறை போய் வந்தேன். போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது கூரை. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தார்ப்பாய்க்கு அடியில் சேற்றில் நின்று மட்டி வாழைக்குலைக்கு விலை பேசியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் தடவை போன அன்று வெளியே கொட்டித் தீர்த்தது. உள்ளே அம்மா செருப்பு நனையாமல் கடை கடையாக நடந்தாள்.

கூரை போட்ட மால் பிறந்ததே வானிலையால்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் குளிர்காலம் உறைய வைக்கும், கோடை புழுங்க வைக்கும். அங்கே மினியாபொலிஸ் பக்கத்தில் ஈடைனா என்ற புறநகரில் 1956 அக்டோபர் 8 அன்று சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்க மூடி, உள்ளே ஒரே வெப்பநிலையை வைத்திருந்த முதல் புறநகர் மால் அது, 72 கடைகள். அடுத்த 24-ஆம் நாள், நவம்பர் 1-இல், நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எனக்கு அந்தத் தேதி மறப்பதே இல்லை.

சவுத்டேலை வரைந்த விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். சொந்த ஊரில் ஜனங்கள் கடைத்தெருவில் நடப்பார்கள், காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். கார் இல்லாமல் எங்கும் போக முடியாத புறநகர்க்காரர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அதனால் நடுவில் பெரிய முற்றம், மரம், பறவைக்கூண்டு. பத்மநாபபுரம் அரண்மனையின் நடுமுற்றங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த பிளான் சட்டென்று புரிந்தது. பிற்காலத்தில், தன்னைப் பின்பற்றி வந்த மால்களுக்குத் தான் பொறுப்பல்ல என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

சரி, நம் மாலுக்கு வருவோம். நடுமுற்றம் மூன்று மாடி உயரம், மேலே கண்ணாடி. மதியத்தில் விளக்கே வேண்டாம், அவ்வளவு வெளிச்சம். ஆனால் முற்றத்தின் நடுவில் ஒரு புதுக் காரை நிறுத்திச் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். உட்கார ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 71 வயது, முட்டு வலி. "மக்ளே, கால் கடுக்குது" என்று செடித்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். செக்யூரிட்டிப் பையன் வந்து எழச் சொன்னான். அவன் மேல் கோபமில்லை, மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்கிறான். கடைசியில் மூன்றாவது மாடியில் சாயா வாங்கிய பிறகுதான் நாற்காலி கிடைத்தது. திங்கள்சந்தையில் அம்மா வெற்றிலை வாங்கும் கடையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு "இருங்கக்கா" என்பார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பெட்டி உண்டு.

வாசல் சாய்தளம் நன்றாக இருக்கிறது: பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், சக்கர நாற்காலியைச் சிரமமில்லாமல் தள்ளலாம். கழிப்பறை சுத்தம். கீழே சூப்பர் மார்க்கெட்டில் மளிகை பரவாயில்லை. ஏத்தம்பழம் பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக் கிடந்தது, மட்டி இல்லவே இல்லை.

இரண்டாவது முறை போனபோது முற்றத்தை வரைந்து எடுத்துப் போனேன். தூண்களை ஒட்டி ஆறு பெஞ்சு, ஐந்தடி நீளம், முதுகு சாய வசதியோடு. காரைக்கூட நகர்த்த வேண்டாம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டு, தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் லிப்டில் நேரே மூன்றாவது மாடிக்குப் போங்கள். ஜன்னலோர மேசை கிடைத்தால் வேளிமலை தெரியும்.