மாதம் 1,850 ரூபாய்: தபால் நிலையமா, டிவிடெண்டா, ரெஃபரல் லிங்க்கா?

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்த என் சித்தி மகள், கோயிலில் இருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாப்பேட்டையில் இருக்கிறாள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். இவள் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்து கொடுக்கிறாள். சித்தப்பா நிலம் விற்றதில் இவள் பங்காக மூன்று லட்சம் வந்திருக்கிறது.

"அக்கா, வெள்ளி வெல ஏறுனா பட்டறையில வேல கொறஞ்சிடுது. மாசா மாசம் ஏதோ ஒரு தொக தானா வந்தா தைரியமா இருப்பேன்" என்றாள்.

அவளுக்கு ஏற்கெனவே மூன்று யோசனைகள் கிடைத்திருந்தன. மாமனார் தபால் நிலையம் என்கிறார். தறிப்பட்டறை முதலாளியின் மகன், லாபத்தில் ஒரு பகுதியை டிவிடெண்டாகக் கொடுக்கும் கம்பெனிப் பங்குகளை வாங்கச் சொல்கிறான். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு பெண், "காசே போட வேண்டாம், லிங்க் அனுப்பினால் போதும்" என்கிறாள். நான் லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவள். அன்று சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்து, மூன்றையும் அதே மூன்று லட்சத்துக்குப் போட்டுப் பார்த்தோம்.

தபால் நிலையக் கணக்குதான் சுலபம். மாத வருமானத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் வட்டி 7.4 சதவீதம் ஆனது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யும். ஆனால் நாம் பணம் போடும் நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்து வருடமும் நடக்கும். தனி ஆள் 9 லட்சம் வரை போடலாம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம். 7.4 சதவீதத்தில் மூன்று லட்சத்துக்கு மாதம் 1,850 ரூபாய். மழை பெய்தாலும், தறி நின்றாலும், வெள்ளி ஏறினாலும் அதே 1,850.

வங்கி வைப்புத்தொகையையும் பக்கத்தில் எழுதினோம். வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி 2025-இல் மட்டும் நான்கு முறை குறைத்தது. 6.5-இல் இருந்த விகிதம் அந்த டிசம்பரில் 5.25-க்கு வந்தது. அதற்கேற்ப வங்கிகளும் வட்டியைக் குறைத்தன. ஆறரை சதவீதம் கிடைத்தால்கூட மூன்று லட்சத்துக்கு மாதம் 1,625தான். ஆனால் அவசரத்துக்கு வங்கிதான் வசதி. தபால் திட்டத்தில் முதல் ஒரு வருடம் பணத்தை எடுக்கவே முடியாது. மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பிறகு எடுத்தால் 1 சதவீதம். வங்கியில் வட்டி கொஞ்சம் குறையும், அசல் குறையாது. வங்கி முடங்கினால் ஆளுக்கு 5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது வெறும் ஒரு லட்சமாக இருந்தது.

மாமியாருக்கு அறுபது வயது தாண்டியிருந்து, அவர் கையிலும் பணம் இருந்தால் அதை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடச் சொன்னேன். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. மூன்று லட்சத்துக்கு ஒவ்வொரு தடவையும் 6,150 வரும்.

சேமிப்பில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஐந்து வருடம் கழித்தும் மூன்று லட்சம் மூன்று லட்சமாகத்தான் இருக்கும். 1,850 ரூபாயும் 1,850 ஆகத்தான் இருக்கும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து வருடத்தில் அந்த மூன்று லட்சத்தால் இன்றைய கணக்குக்கு 1.84 லட்சத்துக்குத்தான் பொருள் வாங்க முடியும். மண்டியில் பருப்பு விலைச்சீட்டை வருடக்கணக்காகப் பார்த்து வருகிற எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, டிவிடெண்ட்.

முதலாளி மகன் அவளிடம் "1,590 சதவீத டிவிடெண்ட் கொடுத்த கம்பெனியெல்லாம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த எண் நம் பணத்துக்கு உரியது இல்லை. டிவிடெண்ட் சதவீதத்தைப் பங்கின் சந்தை விலை மேல் சொல்வதில்லை, அதற்குக் கம்பெனி குறித்து வைத்த முகமதிப்பின் மேல் சொல்வது வழக்கம். ஸ்டேட் வங்கிப் பங்கின் முகமதிப்பு ஒரு ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக்கு அது ஒரு பங்குக்கு 15 ரூபாய் 90 காசு கொடுத்தது, அதனால் 1,590 சதவீதம். அப்போது சந்தையில் அந்தப் பங்கின் விலை சுமார் 800 ரூபாய். வாங்கியவர் போட்ட பணத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான் வந்தது. 1,590-க்கும் 2-க்கும் நடுவில்தான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். டிவிடெண்ட் செய்தி எதைப் பார்த்தாலும் ரூபாய்க் கணக்கை எடுத்து, அன்றைய பங்கு விலையால் வகுத்துப் பாருங்கள்.

நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகள் அடங்கிய நிஃப்டி 50 பங்குகளை மொத்தமாகப் பார்த்தால், போடும் பணத்துக்குச் சமீப வருடங்களில் டிவிடெண்டாகக் கிடைப்பது ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டித்தான். மூன்று லட்சத்துக்கு வருடம் 3,750 ரூபாய். ஐடிசி, கோல் இந்தியா, பவர் கிரிட் மாதிரி அதிகம் கொடுப்பதற்குப் பேர்போன பங்குகளாகத் தேடி எடுத்து 3 சதவீதம் கிடைத்தாலும் வருடம் 9,000. தபால் நிலையத்தின் மாதம் 1,850-ஐ அந்த 3 சதவீதத்தில் எட்ட வேண்டுமென்றால் 7 லட்சத்து 40 ஆயிரம் தேவை. அதுவும் மாதா மாதம் வராது. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு மூன்று தடவையோ, கம்பெனி முடிவு செய்கிறபோது வரும். டிவிடெண்டுக்கான தேதிக்கு முந்தின நாள் வாங்கி, பணத்தை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்தத் தேதியில் பங்கு விலையும் பெரும்பாலும் டிவிடெண்ட் அளவுக்குக் கீழே திறக்கும். இலவசமாக எதுவும் கைக்கு வராது.

பிறகு எதற்கு டிவிடெண்ட் என்று கேட்டாள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பார்த்திருப்பாளே, சவுக்கு மாதிரி உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். நட்ட முதல் இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்காது. மூன்றாம், நான்காம் வருடத்தில்தான் காய்க்கத் தொடங்கும். அப்புறம் கொடி வளர வளர விளைச்சலும் கூடும். பூக்கும் காலத்தில் மழை பொய்த்தால் அந்த வருடம் போச்சு. அதே ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொள்வோம். 2017-18 முதல் 2019-20 வரை மூன்று வருடங்களுக்கு டிவிடெண்டே இல்லை. அடுத்த வருடத்துக்கு 4 ரூபாய், பிறகு 7.10, 11.30, 13.70, 15.90. நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. தபால் நிலைய வட்டி இப்படி ஒருநாளும் ஏறாது. ஆனால் தபால் நிலையம் மூன்று வருடம் கையை விரிக்கவும் செய்யாது.

கொடி பட்டுப்போவதும் உண்டு. நமக்குப் பக்கத்துக் கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தார்கள். நடுவில் பத்து நாள் போல 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு இருந்தது. அது முடிந்ததும் வைப்புத்தொகை போட்டவர்களின் பணம் முழுசாகக் காப்பாற்றப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை, பங்கு மூலதனம் மொத்தமும் கழிக்கப்பட்டது. அந்த வங்கியை நம்பி இரண்டு பேர் பணம் போட்டிருந்தால், ஒருவர் டெபாசிட்தாரராகத் தப்பித்திருப்பார், இன்னொருவர் பங்குதாரராக எல்லாவற்றையும் இழந்திருப்பார். ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாதே என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சின்னத் தொகையில் தொடங்குகிறவர்கள், வாங்கிய பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கின் வருடாந்தரக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். வருடம் ஆயிரம் ரூபாய் டிவிடெண்ட் வந்து, அதில் முந்நூறு நானூறு கட்டணத்துக்குப் போனால் என்ன பயன்? ஒரே ஒரு டீமேட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 'பேசிக் சர்வீசஸ்' கணக்கு உண்டு. அதில் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வருடக் கட்டணம் கிடையாது. கேட்டால்தான் பல இடங்களில் சொல்வார்கள், அதனால் கேளுங்கள்.

மூன்றாவது யோசனைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதலே இல்லாமல் வருமானம் என்றால் யாருக்குப் பிடிக்காது?

ரெஃபரலில் இரண்டு வகை. ஒன்று, அமேசான் மாதிரிக் கடைகளின் பொருளுக்கு நம் லிங்க்கைக் கொடுப்பது. அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன். மூவாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 120 ரூபாய். 1,850-ஐ எட்ட மாதம் பதினாறு மிக்ஸி விற்க வேண்டும். பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் போய்விடும். அமேசானில் நம் லிங்க்கைத் தட்டி 24 மணி நேரத்துக்குள் கூடையில் போடாவிட்டால் பொதுவாக அந்த விற்பனை நம் கணக்கில் வராது. சமையல் வீடியோ, தையல் வீடியோ என்று வருடக்கணக்கில் போட்டு, ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள் என்றால் இது நல்ல வருமானம்தான். ஆனால் அது உழைப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோவை வெட்டி ஒட்டுகிறவரைப் பார்த்து, சும்மா இருந்து சம்பாதிக்கிறார் என்று சொல்வது நியாயமில்லை. இவளுக்கு இருப்பது நூற்றிருபது பேர் உள்ள சொந்தக்காரர் குழு. அங்கே மாதம் பதினாறு மிக்ஸி எப்படி விற்கும்?

இரண்டாவது வகை, ஆளைச் சேர்த்துவிடுவது. இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பங்கு வணிகச் செயலியின் லிங்க்கை என் தம்பி முறையாகிற ஒரு பையனுக்கு அனுப்பினேன். அவன் கணக்குத் தொடங்கியதற்கு எனக்கு 300 ரூபாய் வந்தது. அவன் பங்கு வாங்கி வைக்கவில்லை, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரியான ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிவிட்டான். ஆறே மாதத்தில் எழுபதாயிரம் போனது, அவனுடைய கல்யாணத்துக்கென்று அத்தை சேர்த்து வைத்திருந்த பணம். 2024 செப்டம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அதன் ஜோடியான ஃபியூச்சர்ஸும் சேர்ந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்றது. அதைப் படித்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த லிங்க்கை அனுப்பியது நான். அந்த முந்நூறை எந்த வரவில் எழுதுவது? அத்தை இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால்தான் "காசே போட வேண்டாம்" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. ரெஃபரலுக்கும் முதல் உண்டு, அது நம் மேல் சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. தபால் நிலையத்தில் போட்ட மூன்று லட்சம் ஐந்து வருடத்தில் திரும்பி வரும். பங்கில் போட்டது இறங்கினாலும் நம் பணம் மட்டும்தான் இறங்கும். இதில் போகிறது அடுத்தவர் பணம்.

அந்த வாட்ஸ்அப் பெண் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். சேர 5,000 ரூபாய், நான்கு பேரைச் சேர்த்தால் ஒரு தொகை, அவர்கள் ஆளைச் சேர்த்தால் இன்னொரு தொகை. விற்பதற்குப் பொருள் என்று ஒன்றுமே இல்லை. இப்படி ஆள் சேர்ப்பை மட்டும் வைத்துப் பணத்தைச் சுற்றவிடுவது 1978-இல் வந்த பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டப்படி குற்றம். சேர்த்துவிடுகிறவரும் மாட்டுவார். பெருந்துறைப் பக்கம் ஜனங்களிடம் முதலீடு வாங்கிய ஈமு கோழிப் பண்ணைகள் 2012-இல் கவிழ்ந்ததை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கோழி, இன்றைக்குச் செயலி. "வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்" என்று ஆரம்பித்து, பிறகு பணம் கட்டச் சொல்வதும் இதே ரகம்தான். யாராவது ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வரியைப் பற்றியும் கேட்டாள். அவள் வருமானத்துக்கு வரி வராது. ஆனால் மூன்றிலும் கிடைப்பது வருமானம்தான். டிவிடெண்டும் 2020 ஏப்ரலில் இருந்து வாங்குகிறவர் கணக்கில்தான் சேர்கிறது.

நோட்டில் கடைசியாக எழுதியது இது. இரண்டு லட்சம் தபால் மாத வருமானத் திட்டத்துக்கு, மாதம் 1,233 வரும். அறுபதாயிரம் வங்கியில் வைப்புத்தொகையாக, மூன்று மாதம் வேலை இல்லாவிட்டாலும் அரிசி பருப்புக்கு. மீதி நாற்பதாயிரத்தை நான்கைந்து பங்குகளில், இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த நாற்பதாயிரத்தைப் பத்து வருடத்துக்குத் தொடக் கூடாது, வருகிற டிவிடெண்டையும் திரும்பப் பங்கிலேயே போட வேண்டும். அவளுக்கு வயது 34, அதனால் இதைச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது என்றால் அந்த நாற்பதாயிரத்தையும் தபால் நிலையத்துக்கே அனுப்பியிருப்பேன்.

"பங்கு இப்பவே வேணுமாக்கா?" என்று தயங்கினாள். வேண்டாம் கண்ணு, முதலில் மற்ற இரண்டையும் முடி, தைப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றேன். போன வாரம் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கிவிட்டாள். நியமனதாரராக மகள் பெயரை எழுதியிருக்கிறாள். வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க்கை ஏற்கெனவே இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தாளாம். இரண்டு பேரையும் அவளே ஃபோனில் கூப்பிட்டு, பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒருவர் கட்டவில்லை. இன்னொருவர் கட்டிவிட்டார், அவரோடு இன்று சைபர் குற்றப் பிரிவுக்குப் போயிருக்கிறாள்.