மார்த்தாண்டம் பக்கம் "ஹெவி லைசன்ஸ், கூடவே லாரி வேலை"ன்னு பணம் கட்டப் போறவங்க ஒருக்கா இத படிச்சிட்டு போங்க

மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா வீட்டுல 20, 22 வயசுல பையன் இருக்கவங்களும், லைன் வண்டி (வெளியூர், வெளிமாநிலம் போற லாரி) ஓட்டப் போலாமான்னு யோசிக்கிறவங்களும் முழுசா படிங்க. எனக்க அம்மைக்க ரெண்டு பவுன் செயின் இன்னும் பணயத்துலதான் கெடக்கு.

நமக்கு ஊரு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. தை மாசி ஆனா மரம் இலைய உதுத்துரும், வெட்டு நின்னுரும், வீட்டுல கையில காசு இருக்காது. அந்த நேரத்துலதான் பஸ் ஸ்டாப்புல ஒரு நோட்டீஸ் பாத்தேன். "45 நாளில் ஹெவி லைசன்ஸ், நாமக்கல்லில் வேலை உறுதி, மாதம் 35,000 + பேட்டா, ஏசி கேபின்." எனக்கு சின்னதுலேருந்தே லாரின்னா உயிரு, முப்பந்தல்ல காத்தாலைக்கு ரெக்கை கொண்டு போற அந்த நீள டிரெய்லர் ஒரு வளைவுல திரும்பி முடிக்குற வரைக்கும் வெயில்ல நின்னு பாத்தவன் நான், கன்னியாகுமரியில தொடங்குற 44ஆம் நம்பர் ரோட்டுல ஸ்ரீநகர் வரைக்கும் ஒருக்காவாவது ஓட்டணும்னு மனசுல இருந்துச்சு. அதனால வேற யாருகிட்டயும் கேக்கல, நேரா அந்த ஆபீசுக்கு ஏறிட்டேன்.

மாடியில ஒரு ரூம், சுவரு பூரா லாரி போட்டோ. அங்க இருந்த ஆளு பேசுன பேச்சு இருக்கே, எனக்க அப்பாவ "அண்ணே அண்ணே"ன்னு கூப்பிட்டு, "தம்பிக்க வாழ்க்கைக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்லி, மொத்தம் 85,000 கேட்டாரு. செயின பணயம் வச்சு ரெண்டு தவணையா 70,000 கட்டினோம். ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டணும்னு சொல்லி எனக்க ஒரிஜினல் லைசன்ஸையும் வாங்கி வச்சிக்கிட்டாரு.

ரசீத பத்தி சொல்லணும். கார்பன் வச்சு எழுதுற புக்குலேருந்து ஒரு தாள் கிழிச்சு தந்தாங்க. அதுல "கன்சல்டேஷன் சார்ஜ், திருப்பித் தரப்படாது"ன்னு மட்டும்தான் இருக்கு. லைசன்ஸ்ங்குற வார்த்தை இல்ல, வேலைங்குற வார்த்தையும் இல்ல. நான் அத மடக்கி பர்ஸ்ல வச்சேன், படிச்சி பாக்கல. அப்பா எங்கிட்ட "எல்லாம் சரியா இருக்கா மக்கா"ன்னு கேட்டாரு, நானும் சரியா இருக்குன்னேன். அதுதான் இப்பவும் மனசுல குத்திக்கிட்டே இருக்கு.

இப்ப விசயத்துக்கு வாரேன். லாரிக்கு எல்எல்ஆர் (ஓட்டிப் பழக குடுக்குற லைசன்ஸ்) எடுக்கவே, கார் ஓட்டுற எல்எம்வி லைசன்ஸ் எடுத்து குறைஞ்சது ஒரு வருசம் ஆகியிருக்கணும், வயசு 20 முடிஞ்சிருக்கணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. எனக்கு அப்ப லைசன்ஸ் எடுத்து ஏழே மாசம். அத அந்த ஆளு கையில வாங்கி தேதிய பாத்துட்டுதான் பணத்த வாங்குனாரு. கேட்டப்ப "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம், உள்ள நமக்கு ஆளு இருக்கு"ன்னாரு. அப்படி யாராவது சொன்னா அந்த எடத்துலேயே எழும்பி வந்துருங்க. பின்னால நான் மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீசுக்கு நேர்ல போயி கேட்டப்ப கவுன்டர்ல இருந்தவரு ரெண்டே நிமிசத்துல சொல்லிட்டாரு, எனக்க பேர்ல ஹெவிக்கு ஒரு விண்ணப்பமும் பதிவாகவே இல்லன்னு. இந்த ரெண்டு நிமிசம் முன்னாலயே செலவழிச்சிருந்தா 70,000 மிச்சம்.

பயிற்சின்னு ஒரு காலி மைதானத்துல பழைய லாரி ஒண்ண வச்சு மொத்தம் நாலு நாள், ஒரு நாளைக்கு ஒரு அரை மணி நேரம் ஸ்டியரிங் தந்தாங்க. எல்எல்ஆர் எங்கன்னு கேட்டா "நீ முதல்ல நாமக்கல் போ, கம்பெனியில ட்ரெய்னியா சேரு, அங்க வந்து சேரும்"னு பஸ் ஏத்தி விட்டுட்டாங்க.

அங்க போனா கம்பெனியே இல்ல. நாலு வண்டி வச்சிருக்க ஒரு ஓனரு. அவரு என்னை பாத்ததும் "கிளீனரா வந்த பையன்தானே"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ஆளு அனுப்புனதுக்கு இவருகிட்டயும் 5,000 வாங்கியிருக்காங்க, ரெண்டு பக்கமும் காசு. 35,000 பத்தி கேட்டா அவருக்கே அதிர்ச்சி, "சம்பளம் மாசத்துக்கு கெடையாதுப்பா, டிரிப்புக்குத்தான், கிளீனருக்கு 3,000 தருவோம், சாப்பாட்டுக்கு படி தனி"ன்னாரு. திரும்பி வர வெக்கமா இருந்துச்சு, ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்தாச்சு. சரி, ஒரு டிரிப் போவோம்னு ஏறிட்டேன். ஏசி கேபின் கதையும் அங்க தெரிஞ்சிடுச்சு, 2025ல வந்த விதிப்படி புதுசா தயாரிக்கிற லாரிக்குதான் ஏசி கேபின் கட்டாயம், நான் ஏறுனது 2016 மாடல் வண்டி, இன்ஜின் சூடு அப்படியே கால்ல ஏறும்.

சேலத்துல ஜவ்வரிசி மூட்டை ஏத்தி புனேக்கு. கிட்டத்தட்ட 1,100 கிலோமீட்டர். டிரைவர் அண்ணன் ராசிபுரம் பக்கம், இருபது வருசமா லைன்ல ஓடுறவரு, நல்ல மனுசன். ராத்திரி எட்டு மணியானா மக போன் பண்ணுவா, வாய்ப்பாடு ஒப்பிப்பா, அண்ணன் ஸ்டியரிங்க புடிச்சிட்டே ஸ்பீக்கர்ல கேட்டு தப்ப திருத்துவாரு. அவரு எங்கிட்ட சொன்னது, "தம்பி, ஓட்டுறது கூட பழகிரும்ப்பா, நிக்கிறதுதான் பழகாது." அது புனேயில புரிஞ்சுது. மூட்டை இறக்க ரெண்டு நாளு, பெறகு நாசிக் பக்கம் போயி ரிட்டர்ன் லோடுக்கு புக்கிங் ஆபீஸ் வாசல்ல மூணு நாளு. குளிக்க பெட்ரோல் பங்கு, தூங்க கேபின், தூங்குனாலும் ஒரு காது டீசல் டேங்க் மேல இருக்கணும். நிக்குற நாளுக்கு சம்பளம் கெடையாது. நோட்டீஸ்ல போடாதது இதத்தான்.

திரும்ப பல்லாரி வெங்காய லோடு. ஹூப்ளி தாண்டி திடீர்னு கோடை மழ, தார்ப்பாயில ஒரு மூலையில கிழிசல், நானும் அண்ணனும் மழையில லோடு மேல ஏறி, ஈரக் கயிறு கை தோல உரிக்க உரிக்க இழுத்துக் கட்டினோம், அப்படியும் பத்து மூட்டைக்கு மேல நனஞ்சிட்டு.

தொப்பூர் கணவாய்ல வந்ததுதான் எனக்கு மறக்காது. தர்மபுரி தாண்டி சேலத்த பாத்து வாரப்ப முழுக்க இறக்கம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். முன்னால போன ஒரு வண்டியில இன்ஜின் சத்தமே இல்ல, உருண்டு போகுது. அண்ணன் சொன்னாரு, "நியூட்ரல்ல விட்டுட்டான்." டீசல் ஆவரேஜ் குறைஞ்சா ஓனரு சம்பளத்துல பிடிப்பாரு, அதனால இறக்கத்துல நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறது சில பேருக்கு பழக்கம். கியர்ல இல்லன்னா இன்ஜின் வண்டிய பிடிக்காது, மொத்த பாரமும் பிரேக்குல வந்துரும், பிரேக் டிரம் சூடாகி பிரேக் பிடிக்காம போயிரும். இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டா பிரேக்குக்கு காத்தும் ஏறாது, ஸ்டியரிங்கும் இறுகிரும். கொஞ்ச நேரத்துல அந்த வண்டி சக்கரத்துலேருந்து கருகுன வாடை எங்க கேபினுக்குள்ள வந்துச்சு. அண்ணன் மூணாவது கியர்லேயே வச்சு, பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சாலும் அசையாம, ரொம்ப தூரம் விட்டு இறக்குனாரு. அந்த வண்டி நல்லபடியா கீழ போய் சேந்துட்டு. எனக்கு கை நடுக்கம் நிக்க சேலம் வரணும். நாலு நாள் மைதானத்துல ஸ்டியரிங் பிடிச்ச என்னை டிரைவர்னு சொல்லி இந்த ரோட்டுக்கு அனுப்பப் பாத்தாங்களே, அத நெனச்சாதான் எனக்கு பணம் போனதவிட கோவம் வருது.

மொத்தம் 14 நாளு. நனஞ்ச வெங்காயத்துக்குன்னு 1,200 பிடிச்சிட்டு 1,800 கையில தந்தாங்க. அண்ணனுக்கு பிடிச்சது அதவிட கூட.

ஊருக்கு வந்து அந்த ஆபீசுக்கு போனா, நான் "வேலைய பாதியில விட்டுட்டு ஓடி வந்தவன்", பாக்கி 15,000 கட்டினாதான் ஒரிஜினல் லைசன்ஸ் தருவோம்னாங்க. தெரிஞ்சிக்கங்க, உங்க லைசன்ஸ ஒரு தனியாளு பிடிச்சி வைக்க எந்த உரிமையும் கெடையாது, தொலைஞ்சாலும் டூப்ளிகேட் வாங்கலாம், டிஜிலாக்கர்ல இருக்குறதும் செல்லும். போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுத்த அன்னைக்கு சாயங்காலமே லைசன்ஸ் வந்துட்டு. பணம் வரல. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டாச்சு, அஞ்சு லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்க கட்டணமே இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க.

லாரி வேலையே மோசம்னு நான் சொல்ல வரல. அந்த ராசிபுரத்து அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு அது மானமான தொழிலு. ஆனா உங்களுக்கு அது ஒத்து வருமான்னு தெரிய 85,000 வேண்டாம். தெரிஞ்ச டிரைவர் யாராவது இருந்தா கெஞ்சிக் கேட்டு ஒரு டிரிப் கூட போங்க, ரிட்டர்ன் லோடுக்கு நிக்குற அந்த மூணு நாளு உங்க மனசு எப்படி இருக்குன்னு பாருங்க. பெறகு ஹெவி எடுக்குறதுன்னா நேர்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு, ஃபீஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சி, வண்டி ஓட்ட விடுற ஸ்கூலா பாத்து சேருங்க. அந்த ஆபீஸ்ல எங்கூட இருந்த ஒரு பையன்கிட்ட சின்ன சரக்கு வண்டிக்கு பேட்ஜ் (லைசன்ஸோட வாங்குற தனி அனுமதி) வேணும்னு தனியா காசு வாங்குனாங்க, அதுவும் பொய்யி. வண்டியும் லோடும் சேத்து 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிய சாதா எல்எம்வி லைசன்ஸ்லேயே ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி அமர்வுல உறுதியா சொல்லிட்டு.

நான் இப்ப அதத்தான் செய்யுறேன், மார்த்தாண்டம் சந்தையிலேருந்து வாழைக்குலை ஏத்தி களியக்காவிளை வழியா திருவனந்தபுரம், ராத்திரி வீட்டுக்கு வந்துருவேன். லைசன்ஸுக்கு ஒரு வருசம் முடிஞ்சிட்டு, ஹெவி எல்எல்ஆர் நானே போடப் போறேன்.

இதே மாதிரி ரசீதுல "கன்சல்டேஷன் சார்ஜ்"னு எழுதி வாங்கி ஏமாந்தவங்க நம்ம மாவட்டத்துல இருந்தா, அந்த தாளையும் அவங்க அனுப்புன வாட்சாப் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காண்டாம், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. என் மனுவோட உங்களுதையும் சேத்து கொண்டு போறேன்.