'ஹெர்ப்' பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்

செடிகள், விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு வேர்ச்சொல் சொல்லும் கையடக்க அகராதி ஒன்றை நாலு மாதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி அகராதி எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது 'ஹெர்ப்' என்கிற கிரேக்க வேரைத்தான், ஏனென்றால் ஊர்வதைக் குறிக்கும் அந்தச் சொல் புகாத இடமே கிடையாது.

இதில் அந்தப் பக்கம் அருமை. பாம்பு, பல்லி, தவளைகளைப் படிக்கும் ஹெர்பெட்டாலஜி, தோலில் படரும் ஹெர்பிஸ் இரண்டும் எல்லா அகராதியிலும் இருக்கும், சரி. ஆனால் கீரிப் பேரினமான ஹெர்பெஸ்டஸையும், நீர்ப்பிரமிக்கு முன்பு வழங்கிய ஹெர்பெஸ்டிஸ் என்ற பெயரையும் அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. ஒன்று தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும் விலங்கு, மற்றது ஈர மண்ணில் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் செடி. பாம்பு ஊரும், கொடி படரும் என்று நாம் பிரித்துச் சொல்வது அங்கே ஒரே வேருக்குள் அடங்கிவிடுகிறது.

வடமொழி சர்ப்பம், லத்தீன் செர்பன்ஸ் இரண்டும் இதற்கு உறவு என்ற குறிப்பும் உண்டு. அங்கே முதலில் வரும் ச, கிரேக்கத்தில் ஹ ஆகிவிடும். சப்த என்பதற்கு ஹெப்டா நிற்பது மாதிரி. ஒரு தடவை படித்தால் மறக்காது.

அப்புறம் குறை. கிரேக்க எழுத்தில் அந்த ஹ தனி எழுத்தாக வராது, முதல் உயிரெழுத்தின் தலையில் சின்னக் குறியாக நிற்கும். பெயர் வைத்தவர்களில் சிலர் அதை விட்டுவிட்டார்கள். மூக்கு நுனியில் இரண்டு கொம்பு நீட்டிய தென்கிழக்கு ஆசிய நீர்ப்பாம்பு எர்பெட்டான், ஆப்பிரிக்காவின் கயிற்று மீன் எர்பெட்டோயிக்திஸ், அட்டைகளில் எர்பாப்டெல்லா எல்லாம் அப்படி வந்தவை. அகராதி இவற்றை வேறு எழுத்தின் கீழ் போட்டுவிட்டு, ஹெர்ப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை. எர்பாப்டெல்லாவைத் தேடி எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. பட்டியல் தேடுகிறவருக்காகத்தானே இருக்கிறது?

வெள்ளை குளோவரின் பெயரான டிரைஃபோலியம் ரெப்பென்ஸையும் இதே பக்கத்தில் சேர்த்திருப்பது தவறு. பொருள் ஒன்றுதான், ஆனால் ரெப்பென்ஸ் லத்தீன் வினையிலிருந்து வந்தது, ரெப்டைலும் அதன் வழிதான்.

தொடக்க நிலையில் இருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். வாங்கியதும் ஹெர்ப் பக்கத்து ஓரத்தில் 'எர்ப் பார்க்க' என்று பென்சிலால் எழுதிவிடுங்கள், நான் எழுதிவிட்டேன்.