ஒற்றை அடுக்கா, நானோ அடுக்கா? தேய்மானத்துக்கு எந்த நைட்ரைடு பூச்சு?

தேய்மானத்தைத் தடுக்கப் பூச்சு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எது அதிகக் கடினம் என்றுதான். அந்த ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பல நேரம் பொருந்தாத பூச்சுதான் கையில் கிடைக்கும். பாகம் எப்படித் தேய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் போட்டியாளர்களின் வரிசையே மாறிவிடுகிறது.

அளவுகோலாக டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மமான டைட்டானியம் நைட்ரைடை வைத்துக்கொள்வோம். பொன்னிறம், 20 முதல் 24 ஜிகாபாஸ்கல் கடினத்தன்மை, எஃகில் நன்றாக ஒட்டும். ஆனால் 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். இதில் அலுமினியத்தைச் சேர்த்தால் கிடைக்கும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு 800 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்; மேற்பரப்பில் உருவாகும் அலுமினா படலம் ஆக்சிஜனை உள்ளே விடாது. குரோமியம் நைட்ரைடு இவற்றைவிடக் கொஞ்சம் மென்மையானது. ஆனால் உள் இறுக்கம் (பூச்சு உருவாகும்போதே அதற்குள் தங்கிவிடும் அழுத்தம்) குறைவு என்பதால் 10 மைக்ரானையும் தாண்டித் தடிமனாகப் பூசலாம். பிஸ்டன் வளையங்களில் அதைப் பார்க்க முடிவது இதனால்தான்.

இனி நானோ அடுக்குகள், அதாவது சில நானோமீட்டர் தடிமனில் இரண்டு பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கிய பூச்சுகள். 1987இல் ஆய்வாளர் ஹெல்மர்சனும் அவருடைய குழுவினரும் டைட்டானியம் நைட்ரைடையும் வனேடியம் நைட்ரைடையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். ஒரு ஜோடி அடுக்கின் தடிமன் சுமார் 5 நானோமீட்டராக இருந்தபோது, தனித்தனியாக இருக்கும் இரண்டு நைட்ரைடுகளைவிடவும் இருமடங்குக்கு மேல் கடினத்தன்மை கிடைத்தது. உலோகமோ நைட்ரைடோ நெளிந்து கொடுப்பது, படிகத்துக்குள் டிஸ்லொகேஷன் எனப்படும் பிசகுகள் நகர்வதால்தான். அடுத்தடுத்த அடுக்குகளின் விறைப்புக் குணகம் வேறுபட்டால், மென்மையான அடுக்கிலிருந்து விறைப்பான அடுக்குக்குள் நுழைய அந்தப் பிசகுக்குக் கூடுதல் விசை தேவைப்படும். ஆய்வாளர் கோலர் 1970இலேயே இந்த யோசனையை எழுதிவைத்திருந்தார். விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றாக உள்ள ஜோடியை அடுக்கிப் பார்த்தபோது கடினத்தன்மை பெரிதாக உயரவில்லை. ஆக, வெறுமனே அடுக்கினால் போதாது, எதோடு எதை அடுக்குகிறோம் என்பதும் முக்கியம்.

ஒற்றைப் படிகத்தில் கிடைத்த அந்த எண்ணைத் தொழிற்சாலைப் பூச்சிடம் எதிர்பார்க்கக் கூடாது. தொழிற்சாலையில் வெற்றிட அறைக்குள் பாகங்கள் சுழன்றபடியே ஒரு முறை டைட்டானியம் இலக்கின் (பூச்சுக்கான உலோகத்தைத் தரும் கட்டியின்) முன்னும் அடுத்து மற்ற உலோகத்தின் முன்னும் கடந்துபோகும். சுழலும் வேகமும் இலக்கின் மின்திறனும் சேர்ந்துதான் ஜோடித் தடிமனைத் தீர்மானிக்கின்றன. மூலைகள், பள்ளங்கள், பாகத்தின் மறைவான பக்கம் ஆகிய இடங்களில் அந்தத் தடிமன் பிசகிவிடும். தட்டையான சோதனைத் துண்டில் எடுத்த எண்ணை மட்டும் காட்டி விற்பவரிடம், உண்மையான பாகத்தின் குறுக்குவெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மணல் உராய்வு என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை சுமார் 11, 12 ஜிகாபாஸ்கல். சாதாரண டைட்டானியம் நைட்ரைடே அதைவிட இருமடங்கு கடினம். அங்கே 40 ஜிகாபாஸ்கல் நானோ அடுக்கைப் பூசுவதால் கூடுதல் லாபம் சொற்பம். அந்தப் பூச்சின் 3 மைக்ரான் தடிமன் எப்போது தீர்ந்துபோகும் என்பதுதான் கேள்வி, அதற்குத் தடிமனான குரோமியம் நைட்ரைடே நல்ல பதில். அலுமினா போன்ற கடினத் துகள் என்றால் கதை வேறு. அங்கே மிகைக் கடினத்தன்மைக்கு வேலை இருக்கிறது.

நானோ அடுக்குகள் உண்மையிலேயே ஜெயிப்பது விட்டுவிட்டு வெட்டும் மில்லிங், தாள் உலோகம் அடிக்கும் டை (அச்சு) போன்ற, அடியும் உரசலும் சேர்ந்து வரும் வேலைகளில். ஒற்றை அடுக்குப் பூச்சில் விரிசல் விழுந்தால் அது நெடுவாக்கில் வளர்ந்த படிகங்களின் எல்லை வழியே அடிப்பகுதி வரை நேராக ஓடும். பல அடுக்கில் அது இடைமுகங்களில் திசைமாறி பலம் இழக்கும். பூச்சு முழுதாகப் பெயர்ந்து வருவதற்குப் பதிலாக மேலிருந்து மெல்லிய செதில்களாகப் போகும். கடினத்தன்மையைவிட இந்தக் குணத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

சூட்டில் நிலைமை மாறுகிறது. ஒன்றில் ஒன்று கரையக்கூடிய நைட்ரைடு ஜோடிகள் நீண்டநேர உயர்வெப்பத்தில் கலந்துபோய், அடுக்குகளால் கிடைத்த பலனை இழந்துவிடும். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடோ 800, 900 டிகிரியில் தானாகவே நானோ அளவில் பிரிந்து, இன்னும் கடினமாகிறது. ஒற்றை அடுக்கு என்று நாம் தாழ்வாக நினைப்பது சூட்டில் தனக்குத் தேவையான நுண்கட்டமைப்பைத் தானே செய்துகொள்கிறது! குளிர்விக்கும் திரவம் இல்லாத உலர் வெட்டுக்கு இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

உராய்வைக் குறைப்பதே நோக்கமென்றால் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடும் வனேடியம் நைட்ரைடும் மாறி மாறி வரும் பூச்சைப் பார்க்கலாம். உரசல் சூட்டில் வனேடியம் ஆக்சைடு உருவாகி வழுக்கலாகிறது. ஆனால் வனேடியம் பென்டாக்சைடு 680 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதற்குமேல் மசகாக இருந்ததே பூச்சின் ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்தும். டைட்டானியம் சிலிக்கான் நைட்ரைடு அடுக்கு வகையே அல்ல, சில நானோமீட்டர் படிகங்களைச் சிலிக்கான் நைட்ரைடு மெல்லிழையாகச் சூழ்ந்த கலவை. அதன் கடினத்தன்மை 40 ஜிகாபாஸ்கலைத் தாண்டும், உள் இறுக்கமும் அதிகம். கடினப்படுத்திய எஃகை வெட்ட அது நல்லது, அடிவாங்கும் டைக்கு வேண்டாம்.

ஈரமும் உப்பும் இருந்தால் குரோமியம் நைட்ரைடும் நியோபியம் நைட்ரைடும் சேர்ந்த நானோ அடுக்கைத்தான் சொல்வேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. நைட்ரைடுகள் எஃகைவிட அரிப்புக்கு மசியாதவை. அதனால் ஊசித்துளை இருந்தால் அதன் வழியே தெரியும் எஃகுதான் குழியாக அரியும். மின்வில்லால் உலோகத்தை ஆவியாக்கிப் பூசும் வில் ஆவியாக்கத்தில் தெறிக்கும் உலோகத் துளிகள் இந்தத் துளைகளுக்கு முக்கியக் காரணம், அயனிகளை மோதவைத்து இலக்கிலிருந்து அணுக்களைப் பெயர்த்துப் பூசும் மேக்னட்ரான் முறையில் பரப்பு நன்கு வழுவழுப்பாக வரும்.

அப்புறம், அடித்தளம். மென்மையான எஃகின் மேல் எந்த நானோ அடுக்கைப் போட்டாலும், அழுத்தம் வரும்போது அடியில் உள்ள எஃகு அமுங்கும், மேலே பூச்சு நொறுங்கும். பாகத்தை முதலில் பிளாஸ்மா நைட்ரைடிங் (மேற்பரப்புக்குள் நைட்ரஜனைச் செலுத்திக் கடினமாக்குவது) செய்து அதன் மேல் சாதாரண குரோமியம் நைட்ரைடு பூசினால், நேரடியாகப் பூசிய விலையுயர்ந்த நானோ அடுக்கைவிட நீண்ட நாள் உழைக்கும். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் முதல் செலவு அடித்தளத்துக்குப் போகட்டும், மீதியில்தான் பூச்சு.